கைபடாத கல்வி கரை சேர்க்காது!

கடைசல் இயந்திரத்தைப் படத்திலே பார்த்துக் கற்றவன் உண்டா? உண்டு என்று எவரேனும் உரைத்தால், பட்டறையிலே பத்தாண்டு பாடுபட்ட தோழர்கள் சிரிப்பார்கள். இரும்பைத் தொட்டவனே இரும்பின் குணத்தை அறிவான் என்பார்கள். அந்தத் தோழர்களின் பிள்ளைகள் இன்று கணிப்பொறி கற்கப் போகிறார்கள். போன இடத்திலே பலருக்குக் கிடைப்பது என்ன? கட்டணச் சீட்டு ஒன்று, குறிப்பேடு ஒன்று, முடிவிலே சான்றிதழ் ஒன்று! வேலை கேட்டு நிற்கும்போது, "இந்தச் சர்வர் நின்றுவிட்டது, ஓடச் செய்" என்றால், சான்றிதழா எழுந்து வந்து ஓடச் செய்யும்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கறிக்கு உதவும் கல்விக்கு வழி இருக்கிறது. அதற்குக் காவலும் இல்லை, கட்டணமும் இல்லை. அதுதான் லினக்ஸ் இயங்குதளம்.

1983-லே அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், பிரித்துப் படிக்கவும், மாற்றவும், மற்றவருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1991-லே, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர், 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்தன. விளைவு? 2017 நவம்பரிலே, உலகின் தலைசிறந்த மீத்திறன் கணிப்பொறிகள் 500-ம் லினக்ஸிலே இயங்கின! நம் சட்டைப்பையிலே கிடக்கும் ஆண்ட்ராய்டு பேசிக்குள்ளும் அதே கருதான். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் வழி வந்ததே.

கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றால் வீட்டுக்குள் போனதாகுமா? ரெட்ஹேட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகிகளுக்கு நடத்தும் தேர்வைப் பாருங்கள். அங்கே "சரியான விடையைத் தேர்ந்தெடு" என்ற கேள்வி கிடையாது. ஓடும் இயந்திரத்தைக் கையிலே தருகிறார்கள், செய் என்கிறார்கள். செய்தது, இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிய பிறகும் நிலைத்திருக்க வேண்டும். அங்கே பேச வேண்டியது வாயல்ல, கை!

கைக்கு வேலை கொடுப்பது எப்படி? 64 பிட் பழைய கணிப்பொறி ஒன்று, 2 ஜிபி நினைவகம், 8 ஜிபி பென்டிரைவ்: இவை போதும். வேண்டிய கோப்பு எதுவும் இல்லாத இயந்திரமாகப் பார்த்து டெபியன் இயங்குதளத்தை நிறுவுங்கள். புதிய பயனர் ஒருவரைச் சேருங்கள். கோப்புக்கு அனுமதி கொடுத்துப் பழகுங்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. தொல்லை தீர்ந்தால் போதுமென்று 777 போடுவது, கல்லாப்பெட்டியைத் தெருவிலே திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்!

பிறகு என்ஜின்எக்ஸ் என்னும் இணையச் சர்வரை நிறுவி ஓடச் செய்யுங்கள். ஓடுகிறதா? இனி வேண்டுமென்றே கெடுங்கள்! அதன் அமைப்புக் கோப்பிலே ஓர் அரைப்புள்ளியை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நின்றுவிடும். கலங்காதீர்கள், ஜர்னல்சிடிஎல் கட்டளையிட்டுப் பதிவேட்டைப் படியுங்கள். எந்தக் கோப்பிலே, எந்த வரியருகே கோளாறு என்று அதுவே சொல்லும். திருத்துங்கள். அந்த ஒரு மணி நேரம், ஒரு மாதக் குறிப்பேட்டுக்கு மேல்!

ரூட் என்ற முழு அதிகாரத்தோடு எந்நேரமும் உலவாதீர்கள். தேவைப்படும்போது மட்டும் சூடோ வழியே அதிகாரம் பெறுங்கள். யார், எப்போது, எந்தக் கட்டளையிட்டார் என்று அது எழுதி வைக்கும். கணக்குக் காட்டாத அதிகாரம் நாட்டுக்கும் கேடு, கணிப்பொறிக்கும் கேடு! காப்புநகல் எடுப்பதோடு நில்லாதீர்கள். அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புநகல், நீர் ஊறுகிறதா என்று பார்க்காத கிணறு.

"கட்டளையெல்லாம் ஆங்கிலமாயிற்றே, நம் பிள்ளைகளுக்கு வருமா?" என்பர் சிலர். லேத்தும் ஸ்பேனரும் போல்ட்டும் எந்த மொழிச் சொற்கள்? அவை தொழிலாளியின் கையைத் தடுத்தனவா? அன்றாட வேலைக்கு வேண்டியவை சில பத்துச் சொற்கள். புழங்கப் புழங்க நாவிலே நிற்கும்.

ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். ஏடு வாங்கிப் போட்டோம். எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டினோம். அங்கே ஒரு மேசை, அதன்மீது இரண்டு பழைய கணிப்பொறிகள், மாலை இரண்டு மணி நேரம். அறிந்தவர் ஒருவர், அறிய விழையும் ஐவர். இது நம்மால் ஆகாத காரியமா?

பணம் உள்ளவன் பிள்ளை கெடுத்துப் பழக வீட்டிலே இயந்திரம் இருக்கிறது. உழைப்பவன் பிள்ளைக்கு அந்த இயந்திரத்தைப் படிப்பகம் கொடுக்கட்டும். உழைத்துக் காய்த்த கைகளின் வாரிசுகள், தொட்டுக் கற்கட்டும், கெடுத்துக் கற்கட்டும், திருத்தித் தலைநிமிரட்டும்!