கடை தரும் கிரெடிட் கார்ட்: கட்டணத்தையும் அதே திரையில் காட்டட்டும்!

இன்டர்நெட்டில் பொருள் வாங்குபவர்கள் அனைவருக்கும் இந்தத் திரை பழக்கமானதுதான். பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் செலுத்தும் பக்கத்திற்குச் சென்றவுடன், "எங்கள் கிரெடிட் கார்ட் வாங்குங்கள், உடனே தள்ளுபடி பெறுங்கள்" என்று ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். க்ளிக் செய்து, பான் எண்ணையும் மொபைலில் வரும் ஓடிபி எண்ணையும் கொடுத்தால் பலருக்குச் சில நிமிடங்களில் கார்ட் தயாராகிவிடுகிறது. தள்ளுபடி பெரிய எழுத்தில் இருக்கிறது. கட்டணமோ, பெரும்பாலும் "விதிமுறைகள்" என்ற சிறிய லிங்க்கின் பின்னால் இருக்கிறது. புதிதாகக் கார்ட் வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். கார்டில் கடையின் பெயர் இருந்தாலும், கடன் கொடுப்பது வங்கிதான். அமேசான் பே கார்ட் 2018ல் ஐசிஐசிஐ வங்கி மூலமும், பிளிப்கார்ட் கார்ட் 2019ல் ஆக்சிஸ் வங்கி மூலமும் வந்தன. முதலாவது ஆண்டுக் கட்டணம் இல்லாமல் அறிமுகமானது. இரண்டாவதற்கு ரூ. 500 ஆண்டுக் கட்டணம் வைக்கப்பட்டது. ஆண்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு செய்தால் அது தள்ளுபடி. ஆக, "கடை கார்ட்" என்றாலே இலவசம் என்று நினைக்கக் கூடாது.

"வாழ்நாள் முழுவதும் இலவசம்" என்பதும் "முதல் ஆண்டு இலவசம்" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக் கார்டை ஒருமுறை தள்ளுபடிக்குப் பயன்படுத்திவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ரூ. 500 கட்டணமும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 90-ம் பில்லில் ஏறும். இமெயிலைப் பார்க்காமல் விட்டால், தாமதக் கட்டணமும் சேரும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தகவல் போகும். பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, இந்த ரூ. 590 குறுக்கே வந்து நிற்கலாம்.

குறைந்தபட்சத் தொகை

பில்லில் "செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. ஆனால் வட்டி வரும். அதுவும் பில் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூலை 5ம் தேதி ரூ. 20,000க்கு ஒரு பிரிண்டரும் மானிட்டரும் வாங்குகிறீர்கள். ஜூலை 20ல் பில் வருகிறது. ஆகஸ்ட் 9ல் குறைந்தபட்சத் தொகையாக ரூ. 1,000 மட்டும் கட்டுகிறீர்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். ஆகஸ்ட் 20ல் வரும் அடுத்த பில்லில் வட்டி ஏறக்குறைய ரூ. 1,046, அதற்கு ஜிஎஸ்டி ரூ. 188 இருக்கும். மொத்த பாக்கி ரூ. 20,234. ஆயிரம் ரூபாய் கட்டிய பின்னும் கடன் கூடியிருக்கிறது! இதற்கிடையில் புதிதாக ஏதேனும் வாங்கினால், அதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

இந்த வட்டியை யாராவது கட்டுப்படுத்த மாட்டார்களா என்று கேட்கலாம். கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் கூறியது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே நம்மைக் காப்பாற்றிக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

"நோ காஸ்ட்" இஎம்ஐ

ரூ. 24,000 போன், 6 தவணை, மாதம் ரூ. 4,000, வட்டி இல்லை என்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று கொள்வோம். அந்த வட்டி ரூ. 1,016 வரும். கடைக்காரர் அதே தொகையை விலையில் குறைத்துவிடுகிறார். ஆனால் வட்டி மீதான ஜிஎஸ்டி ரூ. 183 உங்கள் தலையில் விழுகிறது. பிராசசிங் கட்டணம் ரூ. 199 என்றால் வரியுடன் ரூ. 235. ஆக, "செலவே இல்லாத" தவணைக்கு ரூ. 418 செலவு. வட்டியைப் பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சுட்டிக் காட்டியது.

டாலரில் பணம் செலுத்தி டொமைன் பெயர், சாப்ட்வேர் சந்தா வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கார்ட்களில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை உண்டு. அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. ஏடிஎம்மில் கிரெடிட் கார்ட் போட்டுப் பணம் எடுப்பதை மறந்துவிடுங்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

விதிகள் உங்கள் பக்கம்

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள் கார்ட் வாங்குபவருக்குப் பல பாதுகாப்புகளைத் தந்தன. வட்டி, கட்டணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் காட்டும் தாளை விண்ணப்பத்துடனேயே தர வேண்டும். கேட்காமல் கார்ட் அனுப்பக் கூடாது. கெடு முடிந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் போட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னால், 7 வேலை நாட்களில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 உங்களுக்குத் தர வேண்டும்.

எனவே "அப்ளை" பட்டனில் க்ளிக் செய்யும் முன் அந்த ஒரு பக்கத் தாளைத் திறந்து படித்து, பிடிஎப் பைலாக சேவ் செய்து வைத்துக் கொள்ளுங்கள். முழுத் தொகையும் கெடுவுக்குள் உங்கள் கணக்கிலிருந்து தானாகச் செல்லும்படி ஆட்டோ பே அமைத்திடுங்கள். அமைக்கும்போது "குறைந்தபட்சத் தொகை" தேர்வாகி இருக்கிறதா எனப் பார்த்து மாற்றிடுங்கள். பயன்படாத கார்டை மூடிவிடுங்கள். தவறான கட்டணம் வந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வாங்குபவர் மேல் போடுவது நியாயமல்ல. பிளிப்கார்ட், அமேசான் இரண்டும் 2020ல் தமிழில் வந்தன. பொருளைத் தமிழில் விற்க முடியும் என்றால், கட்டணத்தையும் தமிழில் சொல்ல முடியும். தள்ளுபடி ரூ. 500 என்று காட்டும் அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில், "ஆண்டுக் கட்டணம் வரியுடன் ரூ. 590, வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம்" என்று ஒரு வரி போட்டால் போதும். இதற்குப் பெரிய சாப்ட்வேர் எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைப் படித்த பிறகும் வேண்டும் என்பவர் வாங்கட்டும்.