குவளைக்கு மதிப்பெண்! கலயத்துக்குக் கைவிலங்கா?

நாவுக்கு நீதிபதி உத்தியோகம் கிடைத்திருக்கிறது! பெங்களூரிலும் புனேயிலும் குருகிராமத்திலும் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருகிவரும் சிறு பீர் ஆலைகளில், மாலைதோறும் ஒரு புதுவகை நீதிமன்றம் கூடுகிறது. மரப்பலகை ஒன்றின்மீது ஐந்தாறு சிறு குவளைகள் அணிவகுத்து வருகின்றன. ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று செம்பு நிறம், ஒன்று கரியின் நிறம். கற்றவர், பட்டம் பெற்றவர், கைநிறையச் சம்பளம் வாங்குபவர் சுற்றி அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒளியில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, ஒரு மிடறு அருந்தி, தீர்ப்பு எழுதுகின்றனர்.

தீர்ப்புக்குச் சட்டநூலும் இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் தோன்றிய பீர் நடுவர் அமைப்பொன்று வகுத்த அட்டவணைப்படி மொத்த மதிப்பெண் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்தத் தேர்ச்சிக்கு 10. வகைகளுக்கும் குலமுறை கிளத்தல் உண்டு. இது 1842இல் பில்சன் நகரில் பிறந்த பில்ஸ்னர். இது வறுத்த பார்லியின் கருமையும் கசப்பும் கொண்ட ஸ்டவுட். இது கோதுமை பீர், இதில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வீசினால் அது ஈஸ்ட் செய்த வேலை. இது 'இந்தியா பேல் ஏல்', கம்பெனியார் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இந்நாட்டுத் துரைமார்களின் தாகம் தீர்க்க வந்தது. 'கிராஃப்ட் பீர்' என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். கைவினை பீர் என்பது அதன் பொருள்.

சுவையறிவதை நாம் பழிக்கவில்லை. நுணுக்கமாக நோக்குவதும், வேற்றுமை காண்பதும், பெயரிடுவதும் அறிவின் இயல்பு. நாம் கேட்பது வேறொன்று. கைவினை, கைவினை என்று முழங்குகிறீர்களே, யாருடைய கை?

ஆழ்வார்குறிச்சிக்கு வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில், பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தில், கடனாநதி நீர் பாயும் ஊர். நீர் எட்டும் இடத்தில் நெல், எட்டாத மேட்டில் பனை. அந்தப் பனையில் ஏறும் உழைப்பாளியின் கையைப் பாருங்கள். காலிலே தளைநார், இடுப்பிலே அருவாப்பெட்டி, தோளிலே முருக்குத்தடி. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறி, பாளையை இடுக்கி, நாளுக்கு ஒரு மென்சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டி இறங்குகிறான். சீவல் சற்றே தடித்தால் பாளை வீண். கால் சற்றே வழுக்கினால் உயிர் வீண். இந்தக் கைக்குக் கைவினை என்று பெயர் சூட்ட எந்த நாவும் முன்வரவில்லையே, ஏன்?

பெயர் சூட்டாதது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கைக்கு இந்நாட்டுச் சட்டம் சூட்டியிருக்கும் பெயர் என்ன தெரியுமா? குற்றவாளி!

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர். அது விடிலிக்குச் சென்று கருப்பட்டியாகும். சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் இனிப்பைப் புளிக்கச் செய்கின்றன, இறங்குவது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவே தமிழ்நாட்டில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு! கலயத்தை மோந்து பார்க்கும் காவலரின் மூக்கே இங்கு நடுவர் மன்றம். அங்கே மூக்கு மதிப்பெண் போடுகிறது. இங்கே வழக்குப் போடுகிறது.

ஐரோப்பாவைப் பாருங்கள். பெல்ஜியம் நாட்டில் சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 'லாம்பிக்' என்றொரு பீர் உண்டு. அதற்கு யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை அகன்ற தொட்டியில் ஆறவிடுகிறார்கள். காற்றில் மிதந்துவரும் நுண்ணுயிர்கள் இறங்கிப் புளிக்கவைக்கின்றன. நம் பனங்கள் புளிக்கும் வழியும் அடிப்படையில் இதுவே! பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மன்றம் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சென் ஆற்றங்கரையில் காற்று செய்யும் வேலை உலகப் பாரம்பரியம். கடனாநதிக் கரையில் அதே காற்று செய்யும் வேலை சட்ட விரோதம். காற்றிலுமா சாதி?

"நாகரிகச் சுவை மேலைநாட்டார் நமக்குக் கற்றுத் தந்தது" என்பார் சிலர். பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கட்டும். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூல், அரிசிக் கூழை ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியிலே இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவைத்துப் பிழிந்தெடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. முளைவிட்ட தானியத்தால் கூழை இனிப்பாக்கிப் புளிக்கவைப்பதற்குத்தானே இன்று பீர் என்று பெயர்? நறவு, தேறல், தோப்பி, அரியல், மட்டு என்று பழந்தமிழ் நாவு பெயர்களை அடுக்கி வைத்திருந்தது. மூங்கில் குழாயில் ஊறவைத்து முதிரச் செய்த தேறலும் சங்கப் பாடல்களில் உண்டு. பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த மது இருந்ததையும் புறநானூறு காட்டுகிறது. அரண்மனைக்கு அயல்நாட்டுச் சரக்கு என்னும் வழக்கம் அன்றே முளைவிட்டது என்றாலும், உழவன் வீட்டுச் சாடியை எவரும் உடைக்கவில்லை.

உடைத்தது எப்போது? கணக்கு எழுதத் தெரிந்த ஆட்சி வந்தபோது. 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், கருவூலத்துக்கு வருவாய். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டிலிருந்த ஐந்து பீர் ஆலைகளை இணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். நீலகிரி ஆலையும் அதில் அடக்கம். ஏழையின் கலயம் ஏலத்துக்குப் போயிற்று. துரையின் குவளை கம்பெனியாக வளர்ந்தது.

1937 அக்டோபரில் இராசகோபாலாச்சாரியார் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் அது ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இந்த ஏணியின் உச்சியைக் கவனியுங்கள், தோழர்களே! மது போயிற்று என்று சொல்லி வந்த விற்பனை வரி போகவில்லை. பெயர் மாறி இன்றும் அரிசிப் பையிலிருந்து சோப்புக்கட்டி வரை தொடர்கிறது. போன மது வருவாயும் திரும்பி வந்து, 2023–24ஆம் ஆண்டில் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று. மக்கள் இரண்டு கைகளாலும் கொடுக்கிறார்கள். ஆட்சி இரண்டு கைகளாலும் வாங்குகிறது. போனது போனதுதான் என்று திரும்பாமல் நின்றது ஒன்றே ஒன்று: பனையேறியின் பிழைப்பு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் கீழேயே நட்சத்திர ஓட்டலுக்கு உரிமம். அதன் கீழேயே பனையேறிக்கு வழக்கு!

மறுப்புரைகளை நாம் அறியாதவரல்லோம்.

"கள்ளில் கலப்படம் நேருமே" என்பர். நேரும், அண்டை மாநிலங்களில் நேர்ந்ததும் உண்டு. கலப்படத்துக்கு மருந்து சோதனையும் கண்காணிப்பும்; பாலில் தண்ணீர் கலந்தார்கள் என்பதற்காகப் பசு வளர்ப்பை எவரும் தடைசெய்யவில்லை. தடை காத்தது என்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூலை முடுக்கெல்லாம் அரசுக் கடை இருந்தும், சட்டப் புத்தகத்தில் தடை இருந்தும் மாண்டனர்.

"வள்ளுவர் கள்ளுண்ணாமை பாடினாரே, தந்தை பெரியார் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டச் செய்தாரே" என்பர். இது வலுவான வாதம். இதற்குத் தலைவணங்கியே விடை சொல்கிறோம். வள்ளுவரின் அந்த அதிகாரத்தில் கண்ணாடிக் குவளைக்கு விலக்கு எழுதப்படவில்லை. பெரியார் வெட்டியது தமக்கு வருவாய் தந்த சொந்த மரங்களை. பிறர் மரத்தை வெட்டித் தம் கடைக்கு வாடிக்கை சேர்த்தாரல்லர்! அந்த வழி உங்கள் வழி என்றால் முதலில் உங்கள் வருவாயை வெட்டுங்கள். பீர் ஆலையை மூடுங்கள், ஓட்டலின் உரிமத்தைக் கிழியுங்கள், டாஸ்மாக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள். அதன்பின் பனையடிக்கு வாருங்கள்; கலயத்தை அவனே இறக்கி வைப்பான்.

"பெண்களின் கண்ணீரை மறந்தீரோ" என்பர். மறப்போமா? ஆழ்வார்குறிச்சி, கடையம், அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரின் கூலி எந்தக் கடை வாயிலில் கரைகிறது? பனையடியிலா? அரசுக் கடையில்! கள்ளும் மயக்கும் பொருளே, குடி கெடுப்பதே என்று அவர்கள் சொன்னால் நாம் மறுக்க மாட்டோம். ஆனால் அவர்களுடைய கண்ணீரைக் காட்டிக் கலயத்தை உடைத்துவிட்டு, அதே கண்ணீரைக் கருவூலத்தில் வரவு வைக்கும் வஞ்சகத்தைப் பொறுக்க மாட்டோம்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்குங்கள். மலைக்கு அப்பால் கள் இறக்குவது உரிமம் பெற்ற தொழில். கேரளம் 1969லேயே கள் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றியது. மலைக்கு இப்பால் அதே வேலைக்குக் குற்றப்பத்திரிகை. மலைக்கு அப்பால் நலநிதி. மழையைப் பகிர்ந்துகொள்ளும் மலை, நீதியைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

நாம் வேண்டுவது ஒரே அளவுகோல். மதுவிலக்கு என்றால், மேலிருந்து தொடங்குங்கள். மாளிகைக்கும் மரத்தடிக்கும் ஒரே சட்டமாக்குங்கள். மது அனுமதி என்றால், பனையேறியை வழக்கிலிருந்து விடுவியுங்கள். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமம் கொடுங்கள். கலயத்தையும் சீசாவையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துங்கள். மரத்திலிருந்து விழுந்தவன் குடும்பத்துக்கு நலநிதி அமையுங்கள். எது எப்படி முடிந்தாலும், பதனீர்க் கலயத்தை மோந்து பார்த்து மிரட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கருப்பட்டிக்குக் கட்டுபடியாகும் விலை கொடுங்கள்.

நாவுக்கு நீதிபதிகளாக அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஐம்பது மதிப்பெண் போடக் கற்றீர்கள். அந்தப் பட்டியலில் உழைத்தவன் நிலைக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லையே, கவனித்தீர்களா? நுரையின் உயரம் அளந்தீர்கள், மரத்தின் உயரம் அளக்கவில்லை. கசப்புக்கு அலகு கண்டீர்கள், வாழ்க்கைக் கசப்புக்கு அலகு காணவில்லை.

தோழர்களே! பனை வளரும் ஊர்தோறும் இக்கணக்கை எடுத்துச் செல்லுங்கள். திண்ணையில் பேசுங்கள், தெருமுனையில் பேசுங்கள், பீடிக்கடை வாயிலில் தாய்மாரிடம் பேசுங்கள். வாக்குக் கேட்டு வருவோர் எந்தக் கட்சியினராயினும் ஒரே கேள்வியை முன்வையுங்கள்: ஒரு விரல் சுண்ணாம்பில் எங்களைக் குற்றவாளியாக்கும் சட்டம், ஓராயிரம் கோடி முதலில் நடக்கும் ஆலையை ஏன் தொடவில்லை? விடை சொல்லும்வரை விடாதீர்!