இலவசப் படமும் நம் கடமையும்

கைபேசி விளையாட்டு ஒன்றை உருவாக்க விரும்புகிறீர்கள். நிரல் எழுதத் தெரியும்; படம் வரையத் தெரியாது. என்ன செய்வது? 2009-இல் தொடங்கப்பட்ட 'ஓப்பன்கேம்ஆர்ட்' இணையதளத்தில் மரம், பாறை, வீரன் எனப் பலவகைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், இலவசம் என்றால் நிபந்தனையே இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு படத்துடனும் அதன் உரிமம் குறிக்கப்பட்டிருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு வகுத்த 'சிசி பை' உரிமத்தின்படி, வரைந்தவர் பெயரையும் நாம் செய்த மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். 'சிசி ஜீரோ' அதையும் கேட்பதில்லை. எனினும், பெயரைக் குறிப்பிடுவதே முறை என்பேன். ஓம் விதி, நியூட்டன் விதி என்கிறோமே, சட்டம் வற்புறுத்துவதாலா? பிறர் உழைப்பை மதிப்பது அறிவியலின் பண்பு. அப்பண்பு உங்கள் விளையாட்டிலும் விளங்கட்டும்!