கம்ப்யூட்டர்கிட்ட பழகுங்க தம்பி... ஆனா அது சொல்லித் தர்ற கடைசிப் பாடத்தையும் கேட்டுட்டுப் போங்க!



போன வாரம் நம்ம பக்கத்துக்கு ஒரு கல்லூரித் தம்பி அனுப்பிய கேள்வி இது: "அண்ணா, நான் பணம் கட்டி ஆடல. லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டு, கம்ப்யூட்டர் ஆட்டக்காரங்களோட மட்டும் போக்கர் பழகுறேன். இதுவும் தப்பா?"

நேரடியாகவே பதில் சொல்கிறேன். தப்பில்லை தம்பி. நாம் எதிர்ப்பது சீட்டை அல்ல. சீட்டைக் காட்டி வீட்டைக் காலி பண்ணுகிற வியாபாரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "நல்லா பழகிட்டு அப்புறம் பணம் கட்டி ஆடினா ஜெயிக்கலாம்ல?" தம்பி அதைக் கேட்கவில்லை. ஆனால் பழகுகிற எல்லோர் மனசிலும் அது ஓடும். என் ஹாஸ்டல் ரூம்மேட் மனசிலும் ஓடியது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. போக்கரில் ஆளுக்கு 2 சீட்டு கையில் ரகசியமாக இருக்கும். மேஜையில் 5 சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் ஏறும். நம்பிக்கை இல்லாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கையில் ஒன்றுமே இல்லாதவர் பந்தயத்தை ஏற்றி மற்றவரைப் பயமுறுத்தி ஜெயிக்கவும் செய்யலாம். அதுதான் பிளஃப்.

இதைக் கம்ப்யூட்டரோடு பழகினால் என்ன கிடைக்கும்? கணக்கு கிடைக்கும். 52 சீட்டில் இருந்து 5 சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். கையில் வரும் 2 சீட்டுக்கு 1,326 சேர்க்கைகள். இரண்டுமே ஏஸாக வருவது சராசரியாக 221 டீலுக்கு ஒரு தடவை. கையில் 2 ஹார்ட்டின், மேஜையில் திறந்த 3 சீட்டில் 2 ஹார்ட்டின் என்றால், மிச்சமுள்ள 2 சீட்டில் ஐந்தாவது ஹார்ட்டின் வர வாய்ப்பு 100க்கு 35. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் தூக்கம் வரும். சாஃப்ட்வேரில் பத்தாயிரம் டீல் ஓடவிட்டுப் பார்த்தால் மறக்கவே மறக்காது. நிகழ்தகவு பாடத்துக்கு இது நல்ல ஆய்வுக்கூடம். இதை நான் மனசார சொல்றேன்.

சரி, அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே இதற்கென ஒரு ஆராய்ச்சிக் குழு வேலையைத் தொடங்கிவிட்டது. சதுரங்கத்தில் எல்லாக் காயும் கண்முன்னே இருக்கும். போக்கரில் எதிராளியின் சீட்டு தெரியாது, அவர் பொய்யும் சொல்வார். பாதித் தகவலை வைத்துக்கொண்டு சரியாக முடிவெடுக்க ஒரு இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதற்குக் கிடைத்த வழி ரொம்ப அழகானது. இயந்திரம் தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடும். ஒவ்வொரு டீலுக்குப் பிறகும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: "இந்த இடத்தில் விலகாமல் ஏற்றியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?" அந்த வருத்தத்தை எண்ணாகக் குறித்துக்கொள்ளும். எந்த முடிவை எடுக்காததற்கு வருத்தம் அதிகமோ, அடுத்த முறை அதைக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். பிளஃப் அடிக்கச் சொல்லி யாரும் நிரல் எழுதவில்லை. இந்த வருத்தக் கணக்கில் இருந்தே அது பிளஃப் அடிக்கக் கற்றுக்கொண்டது.

2015 ஜனவரியில் அதே ஆல்பர்ட்டா குழு, இருவர் ஆடும் வரம்புப் பந்தய போக்கரைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 4,800 பிராசசர்கள், ஏறக்குறைய 68 நாள் ஓட்டம். வரம்பில்லாப் பந்தயம் இன்னும் பாக்கி இருந்தது.

2015இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற நிரலோடு 4 தொழில்முறை ஆட்டக்காரர்கள் 80,000 டீல் ஆடினார்கள். மனிதர்கள் 7,32,713 சில்லுகள் முன்னிலை. 2017 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் தூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் லிப்ரேட்டஸ் என்ற புது நிரலோடு வந்தார்கள். 20 நாள், 1,20,000 டீல். இந்த முறை இயந்திரம் 17,66,250 சில்லு முன்னிலையில் முடித்தது. 4 மனிதர்களும் தோற்றார்கள்.

2019இல் புளூரிபஸ் வந்தது. ஒரே மேஜையில் 6 பேர் ஆடும் ஆட்டத்திலும் அது தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. அதைப் பழக்க ஆனது ஒரே ஒரு சர்வர், 8 நாள், கிளவுட் வாடகைக் கணக்கில் 150 டாலருக்கும் கீழே. அன்றைய மதிப்பில் சுமார் பத்தாயிரம் ரூபாய். நம்ம பசங்க பைனல் இயர் ப்ராஜெக்டுக்குச் செலவு பண்ற காசு! ஆன்லைன் ஆட்டத்தில் தவறாகப் பயன்படும் என்பதால் அதன் மூல நிரலை அவர்கள் வெளியிடவில்லை.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயத்தை மட்டும் மனசில் வையுங்க. ஒன்று, அந்த 80,000 டீல். இரண்டு, அந்த 150 டாலர். திரும்ப வருகிறேன்.

இப்போ என் ரூம்மேட் கதை. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேர் வேண்டாம்.

மூன்றாம் வருஷத்தில் அவனும் நானும் சேர்ந்து பைத்தானில் ஒரு போக்கர் நிரல் எழுதினோம். எதிரே 3 கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள். ஒருத்தன் பயந்தாங்கொள்ளி, நல்ல சீட்டு இல்லாவிட்டால் விலகிவிடுவான். ஒருத்தன் எதையும் விடமாட்டான், கடைசிவரை வருவான். மூன்றாமவன் சும்மா சும்மா ஏற்றுவான். நாங்களே வைத்த பேர்கள் வேறு, அதை இங்கே எழுத முடியாது.

மூணு வாரத்தில் என் நண்பன் மூன்று பேரையும் பிரித்து மேய்ந்தான். "மச்சான், பேட்டர்ன் புரிஞ்சுபோச்சுடா" என்றான். அந்தச் சமயம் பார்த்து ஒரு செயலியின் விளம்பரம் அவன் போனில். இலவசப் பயிற்சி மேஜை, சேர்ந்தால் போனஸ். பயிற்சி மேஜையில் ஜெயித்தான். பக்கத்திலேயே பண மேஜைக்கு ஒரு பட்டன். அழுத்தினான்.

முதல் வாரம் 6 ஆயிரம் லாபம். எனக்கு பிரியாணி வாங்கித் தந்தான். நானும் சாப்பிட்டேன், மறைக்கல.

அடுத்த 2 மாதத்தில் போனது அந்த 6 ஆயிரம் மட்டும் இல்லை. செமஸ்டர் பீஸ் கட்ட அவன் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி அனுப்பிய 40 ஆயிரமும் போனது. அந்த அம்மா வாரா வாரம் தவணை கட்டினார்கள், மகன் பீஸ் கட்டிவிட்டான் என்று நம்பிக்கொண்டு. விஷயம் தெரிந்த ராத்திரி அவன் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். நாங்கள் 4 பேர் விடியும்வரை அவனை விட்டு நகரவில்லை.

இன்றைக்கு அவன் வேலையில் இருக்கிறான், கடனை அடைத்துவிட்டான். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அவன் முட்டாள் இல்லை. வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன். அப்புறம் எங்கே தப்பு?

தப்பு 1: நாங்கள் எழுதிய எதிராளிகள் மாறவே மாட்டார்கள். பயந்தாங்கொள்ளி கடைசிவரை பயந்தாங்கொள்ளிதான். நிஜ எதிராளி நம்மைப் படித்துக்கொண்டே இருப்பான். நாம் அவனுடைய பேட்டர்னைத் தேடும்போது அவன் நம்முடையதைக் கண்டுபிடித்திருப்பான்.

தப்பு 2: பயிற்சியில் தோற்றால் திரும்ப ஓடவிடலாம். அங்கே பயம் கிடையாது, கடன் கிடையாது, அம்மா முகம் கிடையாது. இயந்திரத்துக்கு வருத்தம் என்பது ஒரு எண். நமக்கு வருத்தம் வந்தால் "விட்டதைப் பிடிக்கணும்" என்கிற வெறி. கம்ப்யூட்டரிடம் கற்ற கணக்கு முழுவதும் அந்த இடத்தில் மறந்துபோகும்.

தப்பு 3: முதல் வாரத்து 6 ஆயிரத்தை அவன் திறமை என்று நினைத்தான். இதுதான் பெரிய தப்பு. இன்ஜினியரிங் படித்தவர்கள் கொஞ்சம் பேனா எடுங்க.

ஆட்டத்தில் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகையில் பெரியதற்குப் பிக் பிளைண்ட் என்று பேர். சராசரியாக 100 டீலுக்கு 5 பிளைண்ட் தோற்கிற ஒரு சுமார் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். வரம்பில்லாப் பந்தயத்தில் ஏற்ற இறக்கம் அதிகம். அதனால் 100 டீலுக்குத் திட்ட விலக்கம் 90 பிளைண்ட் என்று வைப்போம். 1,000 டீல் முடிவில் அவருடைய சராசரி 50 பிளைண்ட் நஷ்டம், திட்ட விலக்கமோ சுமார் 285. இயல்நிலைப் பரவலில் போட்டுப் பாருங்க. இப்படிப்பட்ட 100 பேரில் 43 பேர் லாபத்தில் இருப்பார்கள். 10,000 டீலுக்குப் பிறகும்கூட 29 பேர் லாபத்தில் இருப்பார்கள்.

புரியுதா தோழர்களே? நிச்சயம் தோற்கப்போகிற 100 பேரில் 43 பேருக்கு "எனக்குத் திறமை இருக்கு" என்ற நினைப்பு வரும். அவர்கள்தான் நண்பனுக்கு பிரியாணி வாங்கித் தருவார்கள். செயலியை நாலு பேருக்குப் பரிந்துரைப்பார்கள்.

இப்போ அந்த 80,000 டீலுக்கு வருவோம். பிட்ஸ்பர்க்கில் அதிர்ஷ்டத்தைக் கழிப்பதற்காக, ஒருவருக்கு வந்த சீட்டை வேறு அறையில் இயந்திரத்துக்குக் கொடுத்து, இயந்திரத்தின் சீட்டை இன்னொரு மனிதருக்குக் கொடுத்து ஆடினார்கள். அப்படியும், 80,000 டீலுக்குப் பிறகும், மனிதர்களின் முன்னிலை புள்ளியியல்படி உறுதியான வெற்றி இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். அதனால்தான் அடுத்த முறை 1,20,000 டீல். விஞ்ஞானிகளுக்கே அத்தனை டீல் தேவைப்பட்டது. நாம ஒரு ராத்திரி 50 டீல் ஆடிட்டு "நான் கில்லி"ன்னு சொல்றோம்!

போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா? இரண்டும்தான். நீண்ட ஓட்டத்தில் திறமை ஜெயிக்கும். ஆனால் அந்த நீண்ட ஓட்டம் வரும்வரை நம்ம வீட்டுப் பணம் தாங்காது. அதோடு, நடுவில் சேரும் பணத்தில் நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொண்டே இருக்கும். யார் ஜெயித்தாலும் அதற்குக் காசு.

150 டாலர் விஷயமும் இதுதான். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை ஜெயிக்கிற இயந்திரத்தைப் பழக்க பத்தாயிரம் ரூபாய் போதுமென்றால், ராத்திரி 2 மணிக்கு உங்கள் போனில் எதிரே உட்கார்ந்திருப்பது மனிதன்தான் என்று எதை வைத்து நம்புவீர்கள்? பயிற்சியில் எதிராளி கம்ப்யூட்டர் என்று நமக்குத் தெரியும். பண மேஜையில் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2022இல் நம் சட்டப்பேரவை ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பிறகு நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று மாநில விதிகள் வந்தன. 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அந்த விதிகளைச் சரி என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஆன்லைன் பண விளையாட்டுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் தண்டனை ஆட்டத்தை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான். ஏமாந்து ஆடியவருக்கு இல்லை. இதை உங்கள் ஊரில் சொல்லுங்கள். பயத்தில் மறைக்கிற பையன்தான் மேலும் மேலும் மூழ்குகிறான்.

சட்டம் கதவைச் சாத்தும். ஜன்னல் வழியாக வெளிநாட்டுச் செயலி வரும், டெலிகிராமில் லிங்க் வரும். அதனால் நாம் செய்ய வேண்டியது:

✅ போக்கர் பழக ஆசையா? லேப்டாப்பில், இணைப்பைத் துண்டித்துவிட்டு, கம்ப்யூட்டரோடு ஆடுங்க. முடிந்தால் நிரலை நீங்களே எழுதுங்க.
✅ "இலவசப் பயிற்சி" என்று சொல்லி வங்கி விவரம் கேட்கும் செயலி பயிற்சிக்கூடம் இல்லை, தூண்டில்.
✅ உங்கள் லாப நஷ்டத்தைக் கணினியில் ஒரு லட்சம் டீல் ஓடவிட்டுப் பாருங்க. நடுவில் எத்தனை முறை கை காலியாகிறது என்று எண்ணுங்க.
✅ பணம் மோசடியில் போயிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள். மனசு உடைந்திருந்தால் டெலி மானஸ் 14416, எந்த நேரமும். அதற்கும் முன்னால் பக்கத்து ரூம் நண்பனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்குக் கடைசியாக ஒன்று. அந்த சாஃப்ட்வேர் உனக்கு எப்போது ஏற்றணும், எப்போது பிளஃப் அடிக்கணும் என்று எல்லாம் சொல்லித் தரும். ஆனால் அதனிடம் கற்க வேண்டிய முக்கியமான பாடம், எப்போது சீட்டைப் போட்டுவிட்டு எழுந்திருக்கணும் என்பது. பண மேஜைக்கான பட்டன் கண்ணில் படுகிற நிமிஷம்தான் அது. எழுந்துடு தம்பி.

உங்கள் கல்லூரி குரூப்பில், ஹாஸ்டல் குரூப்பில் இதைப் பகிருங்கள் தோழர்களே. ஒரு மொட்டை மாடி ராத்திரியாவது குறையட்டும்.

- தகவல் தொழில்நுட்ப அணி

#கணக்கைக்_கற்போம்
#சூதை_ஒழிப்போம்