மஞ்சள் பெயிண்ட்

வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள 16-வது தெருவில், 2020 ஜூன் 5 அன்று 35 அடி மஞ்சள் எழுத்தில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்று எழுதினார்கள். எழுதவைத்தது மேயரம்மா. அன்றைக்கே 'கண்துடைப்பு' என்று திட்டியது யார் தெரியுமா? அதே பெயரில் போராடும் இயக்கத்தின் உள்ளூர்க் கிளை!

கோபம் நியாயம்தான். 1970-ல் அந்த நகரில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பர்கள். 2020-ல் 41. வசதி வந்து புறநகர் போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. வாடகை கட்ட முடியாமல் போனவர்கள்? அவர்கள் காலி செய்த தெருக்களில் புதிதாகக் குடிவந்தவர்கள், அதே வாசகத்தை அட்டையில் எழுதி ஜன்னலில் மாட்டினார்கள்.

ஷா என்ற பேட்டையில் ஒரு செல்போன் கடை. 1995-லிருந்து வாசலில் ஸ்பீக்கர் வைத்து 'கோ-கோ' பாட்டு போடுவார்கள். அந்த ஊர்க் கறுப்பர்களின் சொந்தச் சரக்கு அது. புது அடுக்குமாடிக்காரர் ஒருவருக்குத் தலைவலி. புகார் போனது, 2019 ஏப்ரலில் பாட்டு நின்றது. ஜனங்கள் நடுரோட்டில் இறங்கி ஆடித் தீர்த்தார்கள். சில நாளில் பாட்டு திரும்பியது. சுவரில் படம் வரைந்தால் ரசிப்பார்களாம், பாட்டு போட்டால் சத்தமாம்!

2025 மார்ச்சில் அந்த மஞ்சள் எழுத்துகளையும் மிஷின் வைத்துப் பெயர்த்தார்கள். நிதியை நிறுத்துவோம் என்று நாடாளுமன்றத்திலிருந்து மிரட்டல். சிலர் கண்ணீர் விட்டார்களாம். விடட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி சாமான்களை லாரியில் ஏற்றினபோது, இவர்களில் எத்தனை பேர் வாசலுக்கு வந்தார்கள், சொல்லுங்கள்?