வாயில் காக்கும் தீயரண்



கொட்டை உதிரும் காலத்தில் முந்திரித் தோப்பைக் காவலின்றி விடும் உழவர் காடாம்புலியூர் வட்டாரத்தில் இல்லை. பாவு ஏற்றிய தறி இருக்கும் வீட்டைத் திறந்து போட்டுச் செல்லும் நெசவாளரும் நம்முள் இல்லை. ஆயினும், அங்கத்தினர்தம் சேமிப்பும் கடனும் அடங்கிய கணக்கைத் தாங்கும் கணிப்பொறியைக் காவலின்றி விட நாம் தயங்குவதில்லை. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேடு இரும்புப் பெட்டியை விட்டு வெளியேறி இணையத்தோடு பிணைந்துவிட்டது. காவலும் அதற்கேற்ப மாற வேண்டாமா?

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணிட்ட வாயில்கள் 65,000-க்கு மேல் உண்டு. அவை கண்ணுக்குப் புலப்படா. ஃபயர்வால் எனப்படும் தீயரண் இவ்வாயில்களின் காவலாளி. நாம் கேட்டதற்கு வரும் விடையை உள்ளே விடும். கேளாமல் வந்து தட்டுவதை மறுக்கும்.

2017 மே 12-இல் தலைகாட்டிய ‘வான்னாக்ரை’ என்னும் நச்சு நிரல், கோப்புகளைப் பகிர்வதற்குரிய 445-ஆம் வாயில் வழியாகக் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவிற்று. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல் துறையின் கணிப்பொறிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரு திங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்று, அவ்வாயிலையும் அடைத்திருந்தோர் பிழைத்தனர்.

கூட்டுறவாளர் மறக்கலாகாத நிகழ்ச்சி மற்றொன்று. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பப் பணி செய்யும் சி-எட்ஜ் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீங்கு பரவாதிருக்கத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. ஓரிடத்துக் குறை எத்தனை எளியோரின் கையைக் கட்டிவிடுகிறது, பாருங்கள்!

தீயரணுக்குத் தனியே செலவு இல்லை. 2004 முதல் அது விண்டோஸில் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. கேடு நம் பழக்கத்தில்தான் உள்ளது. அச்சுப்பொறி இயங்கவில்லை என்றதும், பழுது பார்க்க வந்தவர் தீயரணை நிறுத்திவிட்டுப் போகிறார்; பின்னர் அதை இயக்குவார் இல்லை. ஒரு வண்டி நுழைவதற்காக வேலி முழுவதையும் பிடுங்குவார் உண்டோ? தேவையான மென்பொருள் ஒன்றுக்கு மட்டும் வழி விட்டால் போதுமே!

‘விண்டோஸ் செக்யூரிட்டி’ப் பகுதியைத் திறந்து, தீயரண் இயங்குகிறதா என இன்றே பாருங்கள். பொது இடத்து வைஃபையில் இணையும்போது ‘பப்ளிக்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். இணையப் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நாமே அழைத்து உள்ளே விடுபவனைக் காவலாளி தடுப்பதற்கில்லை. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவினாலும், ஓ.டி.பி. எண்ணைப் பிறருக்குச் சொன்னாலும் தீயரண் உதவாது. பணம் பறிபோயின் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

தீயரணை எவரும் நிறுத்தலாகாது என்றும், திறக்கும் வாயில் ஒவ்வொன்றும் காரியதரிசியின் கையொப்பத்துடன் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றும் ஒவ்வொரு சங்க நிர்வாகக் குழுவும் தீர்மானம் இயற்றுவது நலம். அங்கத்தினரின் பணத்தைக் காப்பது சங்கத்தின் முதற்கடமையன்றோ?