உளுந்து விதைக்க உபதேசமா?

"நெல்லையே நம்பாதே, பயிரை மாற்று" என்று தஞ்சை விவசாயிக்கு உபதேசம் செய்கிறார்கள் கனவான்கள். யாருக்கு யார் பாடம் சொல்வது, தோழர்களே? சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். உழவு வேண்டாம், மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளையும். ஏழை வீட்டுத் தோசைக்கு மாவும் அதுதான், நிலத்துக்கு உரமும் அதுதான்.

அதைக் கெடுத்தது யார்? 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2017இல் அக்டோபர் 2! தண்ணீர் பிந்தினால் சம்பா பிந்தும். சம்பா பிந்தினால் உளுந்துக்குப் பருவம் ஏது? அறுவடை இயந்திரமோ முளைத்த உளுந்தை நசுக்குகிறது; கூலியாளின் அரிவாளையும் பறிக்கிறது. நெல்லாகவே குத்தகை கேட்டால் குத்தகைதாரன் வேறென்ன பயிரிடுவான்?

உபதேசம் போதும். காலத்தில் தண்ணீர் கொடு! உழுபவனுக்கு நிலம் கொடு! உளுந்துக்குக் கட்டுபடியாகும் விலை கொடு! ஆலையும் வயலும் ஒன்றாய்க் கேட்டால் மறுப்பவன் எவன்?